கிளாரினெட்காரனுக்குப் பியானோ எதுக்கு நைனா?

வா நைனா, குந்து. மொகம் ஏன் தொங்குது? கிளாரினெட்டுல பட்டம் வாங்க அமெரிக்கா போனா, பியானோ பரீட்சையும் தேறணும்னுட்டானா? அடப் பாவமே!

"ஊதறவனுக்கு எதுக்குத் தாத்தா பியானோ"ன்ற. ஸ்ரீ சிட்டி ஃபாக்டரிங்க வந்ததுலேர்ந்து நம்ம பசங்களுக்கு இந்தப் புத்தி ஒட்டிக்கிச்சு. ஒருத்தன் திருகாணி முடுக்குவான், இன்னொருத்தன் கண்ணாடி மாட்டுவான். பாட்டும் அப்டியேன்னு நெனச்சிட்டியா?

தோ இருக்குது திருப்பதி. தேவஸ்தானத்து இசைக் கல்லூரி 1959லேர்ந்து நடக்குது. நம்ம முறையில மிருதங்கம் கத்துக்கறவன் மொதல்ல சொல்லுக்கட்டை வாயால சொல்லணும். வீணை வாசிக்கிறவனுக்கும் பாட வரணும். கொடுமைன்னு எவனாவது அழுதானா? நம்ம ராகம் ஒத்தை வழியில போவும், அதுக்குத் தொண்டை போதும். அவங்க பாட்டுல நாலு குரல் ஒண்ணா நடக்கும். உன் கொழலுல ஒரு வேளைக்கு ஒரு சுரம். மிச்ச மூணை எதுல கேப்ப? பத்து வெரலும் பதிக்க ஒரு பொட்டி வேணாமா?

பரீட்சையில கேக்கறதும் பெரிய மலை இல்ல. ரெண்டு கையால ஸ்கேல். ஒரு மெட்டுக்குக் கார்டு பிடிக்கணும். புதுசா நீட்டின நோட்டைப் பாத்து வாசிக்கணும். சுருதி மாத்தி வாசிக்கணும். கூத்துல பாடறவனுக்குத் தொண்டை கட்டினா, "அரைக்கட்டை எறக்கு"ம்பான். ஆர்மோனியக்காரன் வெத்தலை மென்னுக்கினே எறக்குவான். அவனுக்கு எவன் பட்டம் குடுத்தான்?

ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர் ஆவறேன்னு வேற சொல்ற. அங்க நோட்டுல பக்கத்துக்கு இருபது வரி இருக்கும். வயோலாவுக்குத் தனி க்ளெஃப். உன் பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு சி எழுதினா, கேக்கறது பி ஃபிளாட். எஃப் ஹார்ன் அஞ்சாவது சுரம் கீழ பேசும். அத்தனையும் ரெண்டு கையில அடக்கிப் பாக்கணும். இல்லாட்டி எழுவது பேரை உக்கார வெச்சிட்டு, அவங்க எதிர்ல நீ பாடம் படிப்பியா?

"பெரிய கம்போசர் பெர்லியோஸே பியானோ கத்துக்கலையே"ன்ற. வாஸ்தவம். கிடாரும் புல்லாங்கொழலும்தான் அவருக்கு. "இளையராஜா பின்னணி இசையைப் பொட்டியைத் தொடாமலே தாள்ல எழுதறாரே"ன்ற. அதுவும் வாஸ்தவம். தன்ராஜ் மாஸ்டர்கிட்ட ஒக்காந்து படிச்சாரே, அதை ஏன் முழுங்கற? அவங்களுக்கெல்லாம் காதுக்குள்ளயே பொட்டி இருக்குது. உன் காதுல இருக்கறது ஹெட்போன்.

வாத்தியாருங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. ஊதறவன்கிட்டப் போயி ஷோப்பன் வாசின்னா, அது வீம்பு. பொழப்புக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோதான் அவங்க கேக்கணும். பரீட்சைக்கு மறுநாளே மறந்துட்டா, அது உன் வீம்பு.

இன்னாது, கிராண்டு பியானோ வாங்கித் தான்னு அப்பன்கிட்ட அடமா? உங்க கூடத்துல அதை வெச்சா நீங்க தெருவுல படுக்கணும். ஒரு கீபோர்டு போதும், யமஹாக்காரன் சென்னைப் பக்கத்துலயே பண்றான். ஸ்ரீ சிட்டிக்குப் போனது போவ மிச்சமிருக்கற அரைக்காணியை விக்க வெக்காத. மொதல்ல போய் நகத்தை வெட்டு.