இளகிய மனம் படைத்தவர்கள் பார்க்க வேண்டாம்

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே, சாதி மாறி மணந்த இளம் தம்பதி பட்டப்பகலில் வெட்டப்பட்டனர். கணவர் இறந்தார், மனைவி பிழைத்தார். கண்காணிப்புக் கேமராவில் ஒரே முறை நடந்த கொலை, தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஓயாமல் நடந்துகொண்டிருந்தது.

இத்தகைய ஒளிபரப்புக்கென்று இலக்கணம் உண்டு. அரிவாள் கண்ணில் படாமல் போய்விடக் கூடாதென்று சிவப்பு வட்டம். கூடவே பதற்ற இசை. தொடக்கத்தில் வரும் எச்சரிக்கையைக் கேட்டால் அடுக்களையில் இருப்பவரும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார்.

பயங்கரவாதத் தாக்குதல், மதக் கலவரச் செய்திகளில் சிதைந்த உடல்களைக் காட்ட வேண்டாம் என்கிறது இந்தியப் பத்திரிகை மன்றம். சாதிக்கொலை அந்தப் பட்டியலில் இல்லை என்பது சிலருக்கு வசதி. 2023 ஜனவரி 9 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அனுப்பிய அறிவுரை, வட்டமிட்டுக் காட்டுவதையே கண்டித்தது. வட்டத்தின் ஆயுள் கெட்டி.

கொடுமையை ஊரறியச் செய்கிறோம் என்ற வாதம் பொய்யல்ல; அதே பதிவுதான் வழக்கில் சாட்சியமும் ஆனது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் பெண்ணின் தந்தையை விடுவித்து, ஐவருக்கு ஆயுளாகக் குறைத்தது. இரு நீதிமன்றங்களும் பின்னணி இசை கேட்டதாகத் தகவல் இல்லை.