எவ்வளவு ஷாக், எவ்வளவு நேரம்?

கேள்வி: நின்ற இதயத்துக்கு ஷாக் கொடுக்கிறார்களே, வோல்டேஜைக் கூட்டினால் போதாதா?

பதில்: முதலில், ஷாக் நின்ற இதயத்துக்கு அல்ல, தாறுமாறாகத் துடிதுடிக்கும் இதயத்துக்கு. அதற்கும் வோல்டேஜ் மட்டும் போதாது, நேரமும் பொருந்த வேண்டும். மின்துடிப்பு மிகக் குறுகினால் தசைச் செல்கள் விழிப்பதற்குள் முடிந்துவிடும். ஈடுகட்ட மின்னோட்டத்தை ஏற்றினால் தசைக்கே ஆபத்து. நீட்டினால் குறைந்த மின்னோட்டம் போதும், ஆனால் ஓரளவுக்குத்தான். அதற்கு மேல் நீட்டினால், சமாதானம் பேச வந்தவர் கிளம்பாமல் உட்கார்ந்து புதுச் சண்டை மூட்டுவதுபோல, அடங்கிய துடிதுடிப்பை மின்சாரமே மறுபடி கிளப்பிவிடலாம். 1899-இல் ஜெனீவாவில் பிரெவோ, பட்டெல்லி என்ற ஆய்வாளர்கள் நாய்களிடம் கண்டது இன்னும் வியப்பு: சிறிய ஷாக் துடிதுடிப்பைத் தொடங்கியது, பெரிய ஷாக் நிறுத்தியது! இன்றைய ஷாக் கருவிகள் பாதியில் திசை மாறும் மின்துடிப்பைச் சில மில்லி விநாடிகள் மட்டும் செலுத்துகின்றன. பழைய ஒருதிசைக் கருவிகள் 360 ஜூல் ஆற்றல் கேட்ட இடத்தில், இவற்றுக்குப் பெரும்பாலும் 120 முதல் 200 ஜூல் போதும்.