ஏர்லி பேர்டு அப்பா

பொங்கல் கரும்புச் சக்கை வாசலை விட்டுப் போகுமுன்பே இவர் களத்தில் இறங்கிவிடுவார். "சம்மருக்குப் பையனை எதுல சார் போடறீங்க?" என்று லிஃப்டில் மடக்கிக் கேட்பார். ஏதோ ஃபிக்ஸட் டெபாசிட் விசாரிக்கிற குரல். அவர் பையனுக்கு நாலரை வயது. எல்.கே.ஜி.

வேளச்சேரியோ முகப்பேரோ, சென்னையில் எந்த ஃபிளாட் வளாகத்திலும் இவரைப் பார்க்கலாம். லேப்டாப்பில் ஒரு எக்செல் ஷீட் வைத்திருப்பார். பேப்பருக்குள் செருகி வருகிற நோட்டீஸ் எல்லாம் சாயங்காலத்துக்குள் அதில் ஏறிவிடும். அபாகஸ், ஃபோனிக்ஸ், ரோபோட்டிக்ஸ், சிலம்பம், ஸ்லோகம், கீபோர்டு, அடுப்பில்லாச் சமையல். அடுப்பில்லாச் சமையல் என்றால் பிரெட்டில் ஜாம் தடவுவது. குட்டித் தொப்பிக்கும் ஏப்ரனுக்கும் தனிக் கட்டணம். மார்ச்சுக்குள் பணம் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்றதும் இவர் கை தானாக ஜிபேயைத் தேடும்.

ஆனாலும் டெமோ கிளாஸ் பார்க்காமல் கட்டமாட்டார். "சிசிடிவி இருக்கா? ஒரு மிஸ்ஸுக்கு எத்தனை பசங்க? குழந்தையைக் கூப்பிட வேற ஆள் வந்தா அனுப்பிடுவீங்களா?" மூன்றும் முத்தான கேள்விகள், எல்லாப் பெற்றோரும் கேட்கவேண்டியவை. நாலாவதில்தான் சறுக்குவார்.

"பத்து நாள்ல எந்த லெவல் முடிப்பான்?"

மிஸ்ஸுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். பி.எட். படிக்கிற பெண். "அழுகை நின்னாலே நல்ல பேட்ச் சார்" என்பாள். இவர் அதையும் 'ரிமார்க்ஸ்' கட்டத்தில் குறித்துக்கொள்வார்.

கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு, ஏசி, கைக்கெட்டும் உயரத்தில் படப் புத்தகங்கள். பக்கத்திலேயே பிர்லா கோளரங்கம். இதையெல்லாம் சொன்னால், "அங்கெல்லாம் சர்டிஃபிகேட் தரமாட்டாங்களே" என்பார்.

ஷீட்டில் இருபது கட்டங்கள் உண்டு. 'கேம்ப் விட்டதும் கூட்டிவருவது யார்?' என்ற கட்டம் மட்டும் இல்லை. கேம்ப் காலை பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை. இவருக்கும் மனைவிக்கும் ஆபீஸ் ஆறு மணி வரை. இந்தக் கணக்கு உதைப்பது தெரிந்ததும் ஊரிலிருந்து மாமனார் வரவழைக்கப்படுவார். மே 4 அன்று அக்னி நட்சத்திரம் பிறக்கும். உச்சி வெயிலில் குடையோடு கேட்டில் நிற்பது அவர்தான். "பணம் கட்டினது மாப்பிள்ளை, கேம்ப் போறது நான்" என்று வாட்ச்மேனிடம் சொல்லிச் சிரிப்பார்.

கடைசி நாள் விழாவில் பையன் கழுத்தில் மெடல். எல்லார் கழுத்திலும் மெடல். என்னடா கத்துக்கிட்டே என்றால், "டிஃபன் பாக்ஸ் நானே திறப்பேன்" என்கிறான். நாலரை வயதுக்கு அது பெரிய லெவல்தான். அப்பா முகம்தான் லேசாக வாடும்.

நீங்களும் தேடுகிறீர்களா? நடந்து போகிற தூரம், நல்ல தண்ணீர், சுத்தமான பாத்ரூம், சிரித்த முகமாய் ஒரு மிஸ்: இவ்வளவும் அமைந்தால் போதும், சேர்த்துவிடுங்கள். பணம் கட்டி ரசீது வாங்கும்வரை இவரிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள். மறுநாள் அந்த பேட்ச் ஃபுல் ஆகியிருக்கும்.