ஏதோ கிறுக்குவேன்

ஊருக்கு ஒருவர் நிச்சயம் இருக்கிறார். பத்திரப்பதிவு ஆபீசிலோ கூட்டுறவு வங்கியிலோ 30 வருடம் குனிந்து எழுதி ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனா. பேனாவுக்குப் பின்னால் நாலாக மடித்த ஒரு காகிதம். அதில் ஒரு வெண்பா இருக்கிறது. நீங்கள் அதைக் கேட்டே ஆகவேண்டும் என்று அவருக்கு உயிர் துடிக்கிறது. ஆனால் தானாக எடுத்து நீட்ட மாட்டார்.

"சார் கவிதையெல்லாம் எழுதுவீங்களாமே?" என்று கேட்டுப் பாருங்கள்.

"சேச்சே, யார் சொன்னது? ஏதோ கிறுக்குவேன்."

அதை நம்பி நீங்கள் மழை, வெயில் என்று பேச்சை மாற்றினால் தொலைந்தீர்கள். அடுத்த மூன்று மாதத்துக்கு உங்களைத் தெருவில் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். மறுபடி கேட்க வேண்டும். அதற்கு ஒரு சிரிப்பு வரும். இன்னொரு தரம் கேட்டால் கை மெல்லப் பைக்குப் போகும். பந்தியில் "போதும் போதும்" என்று இலைக்கு மேல் கையை நீட்டி, விரல் இடுக்கை மட்டும் அகலமாக வைத்துக்கொள்வார்களே, அந்த ஜாதி அடக்கம் இது.

ஏன் இப்படி என்று கேட்டால் கம்பனைத் துணைக்கு அழைப்பார். "கம்பனே தன்னைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனைன்னு சொல்லிக்கிட்டான் சார். நானெல்லாம் எம்மாத்திரம்?" கம்பன் அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பாடி வைத்தான். அந்தப் பூனை குடிக்க வேண்டியதைக் குடித்துவிட்டது. நம்மவர்தான் இன்னும் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, யாராவது "வா, வா" என்று கூப்பிடட்டும் என்று காத்திருக்கிறார்.

அவர் கரைத்துக் குடித்த நன்னூலிலேயே இதற்கு வழி இருக்கிறது. தன்னைத் தானே புகழ்வது தகாது என்று அடித்துச் சொன்ன பவணந்தி முனிவர், கையோடு கதவைக் கொஞ்சம் திறந்தும் வைத்தார். அரசன் சபைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவில், சபையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது... இந்த நாலு இடத்தில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். வேலைக்கு மனுப் போடும் பிள்ளைகளுக்கு 13ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்ட லைசென்ஸ்!

பாரதி அதை மிச்சம் வைக்காமல் பயன்படுத்தினார். 1919இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு அனுப்பிய சீட்டுக்கவியில், தமிழ்நாட்டுக்குப் பெரிய கவி இல்லை என்ற வசை தன்னால் தீர்ந்தது என்று கூசாமல் எழுதினார். காளமேகமோ, எதிராளி வாயைத் திறப்பதற்குள் நூற்றுக்கணக்கில் பாடிவிடுவேன் என்று சபையிலேயே மார்தட்டியவர் என்பார்கள்.

"அவர் பாரதி சார்!" என்பார் நம்மவர். அந்தச் சீட்டுப் போன நாளில் அவரைப் பாரதி என்று மதித்தவர்கள் எத்தனை பேர் என்று யோசிக்க மாட்டார்.

ஆகவே விளம்பர இலாகா முழுவதும் வீட்டம்மாள் பொறுப்பு. விசேஷ வீடுகளில் அவர்தான் ஆரம்பிக்க வேண்டும்: "ஏங்க, அந்த வாழ்த்துப்பாவ எடுத்துட்டு வந்தீங்களே?" உடனே இவர், "ஸ்ஸ், சும்மா இரு" என்று அதட்டுவார், மேடை வரைக்கும் கேட்கிற மாதிரி. சம்பளம் இல்லாத உத்தியோகத்தை எத்தனை காலம் பார்ப்பது? மச்சான் மகள் கல்யாணத்தன்று அந்த அம்மாள் ராஜினாமா செய்துவிட்டார். "இன்னிக்கு நீங்களே சொல்லிக்குங்க. எனக்கு வாய் வலிக்குது."

நம்மவர் இரண்டாவது வரிசையில் பையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடலோடு மேடை ஏறி, "வெண்பா" என்று அறிவித்துவிட்டு, இழுத்து இழுத்து வாசித்தார். இரண்டாவது அடியில் நம்மவர் நிமிர்ந்தார். மூன்றாவது அடியில் எழுந்தே விட்டார்.

"வெண்பாவுல கனிச்சீரா!"

நாதஸ்வரக்காரர் சீவாளியை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் நம்மவர் மேடைமேல் இருந்தார். மைக் எப்படியோ கைக்கு வந்திருந்தது. "குறை சொல்றேன்னு நினைக்கக் கூடாது. ஈற்றடி நாள், மலர், காசு, பிறப்பு, இந்த நாலுல ஒண்ணுல முடியணும். இது எதுல முடியுது? மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்க." மாப்பிள்ளை கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டார். அவர் இன்ஜினீயர்.

தன் பாட்டு நல்ல பாட்டு என்று சொல்ல இத்தனை வருடம் வராத தைரியம், அடுத்தவர் பாட்டு தப்பு என்று சொல்ல ஒரு நொடியில் வந்துவிட்டது. இவரை யாரும் பழிக்கவில்லை, தளைதான் தட்டியது. அதைத் தன் கன்னத்தில் தட்டியதாக எடுத்துக்கொண்டு, பவணந்தியின் நாலாவது விலக்கில் நுழைந்துவிட்டார். நம் ஊரில் பல திறமைகள் வெளியே வந்த பாதை இதுதான் என்பது என் சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரர் அபஸ்வரமாகப் பாடியிராவிட்டால் பாதிப் பேர் குளியலறையோடு நின்றிருப்பார்கள்.

"ஒழுங்கான வெண்பா எப்படி இருக்கும்னா..." என்று பையில் கை விட்டார். ஒன்று வந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. முதல் வரிசைப் பெரியவர் ஒருவர் "ஆஹா" என்று தொடையைத் தட்டினார். அது போதாதா? இன்னொரு பையிலிருந்து இரண்டாவது காகிதம் வந்தது. பிறகு காகிதமே இல்லாமல் வர ஆரம்பித்தது. பந்தியில் பாயசம் விழுந்துவிட்டது என்று ஆள் மேல் ஆள் வந்து சொல்லியும் இறங்கவில்லை. மைக் செட் பையன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒயரைப் பிடுங்கினான்.

நம்மவர் அசரவில்லை. "பரவாயில்ல தம்பி, நீ போய்ச் சாப்பிடு. எனக்கு மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கணீர்னு கேட்கும்" என்றார்.