‘ஷல்’லுக்குப் பதில் ‘மே’

சென்னையில் ரிப்பன் மாளிகையை ஏழரை லட்சம் ரூபாயில் கட்டி 1913இல் திறந்தார்கள். ஏழரை லட்சம் கட்டடத்துக்கு. ஏழரைச் சனி உள்ளே சபை அங்கத்தினராக இருந்தது. எர்ரபாலு செட்டித் தெருவில் கார்ப்பரேஷன் ஆபீஸ் இருந்த நாளிலிருந்தே இருந்தது. தலைப்பாகை, அல்பாகா கோட்டு, கையில் சுருட்டிய காகிதம். பேர் வேண்டாம். எழுந்து நின்றாலே தெரிந்துவிடும்.

“மிஸ்டர் பிரெசிடெண்ட் ஸார், ஒரு சின்னத் திருத்தம்.”

ஒரு சந்துக்கு விளக்குக் கம்பம் வேண்டும் என்று பக்கத்து வார்டுக்காரர் தீர்மானம் கொண்டுவருகிறார் என்று வையுங்கள். சபை நடப்பதெல்லாம் இங்கிலீஷில். தீர்மானத்தில் ‘ஷல்’ என்று இருக்கும். அதை எடுத்துவிட்டு ‘மே’ போடச் சொல்வார். ஷல் என்றால் வைத்தே தீரவேண்டும். மே என்றால் வைத்தாலும் வைக்கலாம். இதை முக்கால் மணி நேரம் விளக்குவார். அதற்குள் கம்பத்தையே நட்டிருக்கலாம். அடுத்தபடியாக, ‘நிதி நிலைமை இடம் கொடுக்குமானால்’ என்று ஒரு வால். இதையும் ஒருவர் வழிமொழிவார். என்ன திருத்தமென்று அவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்தவர்கள், ஒரே வண்டியில் திரும்ப வேண்டியவர்கள்.

திருத்தம் தோற்றுப்போகும். அவர் முகம் வாடாது. “என் ஆட்சேபணை மினிட்ஸில் ஏறட்டும்” என்பார். ஏறிவிட்டால் ராத்திரி நன்றாகத் தூங்குவார். அடுத்த கூட்டத்தில் அந்த மினிட்ஸுக்கே ஒரு திருத்தம்: கால்புள்ளி இடம் மாறி விழுந்திருக்கிறதாம். குழாய், சாக்கடை, குப்பை வண்டி எல்லாம் அந்தக் கால்புள்ளிக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு காரியமும் நடந்திருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். 1920 செப்டம்பர் 16ஆம் தேதிக் கூட்டம். தலைவர் பி. தியாகராய செட்டியார். ஆயிரம் விளக்கு கார்ப்பரேஷன் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க அனுமதி கிடைத்தது, பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல். அந்த ‘மிகாமல்’ இருக்கிறதே, அது நம்மவர் கைவேலை என்றே எனக்குச் சந்தேகம். சாட்சி கிடையாது, ஆனால் வாசனை அதுதான். போகட்டும், அந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான் கைச்செட்டுக்காரர்கள் நாலு பேர் வாயை மூடிக்கொண்டார்களோ என்னவோ. அப்படியானால் அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

போட மனசு வரவில்லை. ஏனென்றால் அவர் சாகவில்லை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் செயலாளராக இருக்கிறார். தலைப்பாகை மட்டும் இல்லை.

சம்ப் மோட்டார் எரிந்து பதினோரு நாள். ‘உடனே மாற்றவேண்டும்’ என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். ‘உடனே’யை அடித்து ‘விரைவில்’ என்று போட்டார். பிறகு ‘விரைவில்’ கொஞ்சம் அவசரமாகத் தெரிகிறதென்று ‘உரிய காலத்தில்’ என்று மாற்றினார். மூன்று மாடிக்குக் காலையில் ஆறு குடம், சாயங்காலம் நாலு குடம் தூக்குகிறவன் நான். முதுகு வலிக்கிறது ஐயா என்று போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சொல்லியே விட்டேன். தலையாட்டிக்கொண்டு பொறுமையாக எழுதிக்கொண்டார். நேற்று மினிட்ஸ் வந்தது:

‘உறுப்பினர் ஒருவருக்கு முதுகு வலிப்பதாகத் தெரிவிக்கப்பட்டது.’