கோப்பு தேறிவிட்டது

மாண்புமிகு மலேசியக் கல்வி அமைச்சர் அவர்களுக்கும், புத்ராஜெயாவில் மாடிதோறும் புதுப் படிவம் வரைந்துகொண்டிருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம். குறை சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனாலும் பாராட்டில் தொடங்குவதே முறை. 2019-இல் முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டுவரை தேர்வுகளை நிறுத்தினீர்கள். 1988 முதல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை ஆட்டிவைத்த யுபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் ஒழித்தீர்கள். இரண்டும் துணிச்சலான முடிவுகள், சரியான முடிவுகளும்கூட. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் படத்தையும் அது வாங்கிய ‘ஏ’க்களின் எண்ணிக்கையையும் பள்ளி வேலியில் பதாகையாகக் கட்டிய காலம் அது. 2014-இல் வினாத்தாள் கசிந்து, அறிவியலையும் ஆங்கிலத்தையும், அதன்பின் கணிதத்தையும் தமிழையும் பிள்ளைகள் மறுபடி எழுத நேர்ந்ததை நாடே பார்த்தது. ஆரம்பப் பள்ளி வினாத்தாளைக் கடத்தும் அளவுக்குப் பெரியவர்கள் இறங்கிய பிறகு அந்தத் தேர்வுக்கு மதிப்பு ஏது? ஆகவே நன்றி. ஒரே ஒரு சிக்கல்தான். தேர்வு மண்டபத்திலிருந்து குழந்தையை எழுப்பி அனுப்பிய கையோடு, அதே நாற்காலியில் கோப்பை உட்கார வைத்துவிட்டீர்கள். அது எல்லாப் பாடத்திலும் தேறிக்கொண்டிருக்கிறது.

தேர்வின் இடத்தில் நீங்கள் வைத்த வகுப்புசார் மதிப்பீடு என்ற கருத்தில் எனக்கு மறுப்பே இல்லை. பிள்ளை கற்கும்போதே ஆசிரியர் கவனிக்க வேண்டும், தடுமாறும் இடத்தில் அப்போதே கைகொடுக்க வேண்டும் என்பதை யார் மறுப்பார்கள்? ஆனால் அந்தக் கவனிப்புக்கு நீங்கள் வைத்திருக்கும் கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்மொழிப் பாடத்தில் கேட்டல் பேச்சு, வாசிப்பு, எழுத்து, செய்யுள் மொழியணி, இலக்கணம் என ஐந்து கூறுகள். ஒவ்வொன்றிலும் பிள்ளை ஒன்று முதல் ஆறு வரை எந்த அடைவுநிலையில் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். வகுப்பில் 35 பேர் என்றால் ஒரு தவணைக்கு 175 தீர்ப்புகள். மூன்று வகுப்புக்குப் போகிறவர் என்றால் 525. இரண்டு பாடவேளை சேர்ந்த ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளையின் பங்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. பாடம் நடத்துவதும் அதற்குள்தான். கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி போல மாணவர் நிரம்பி வழியும் பள்ளிக்கு இது ஒரு வகைத் தொல்லை. 150 பேருக்கும் குறைவாக உள்ள பள்ளிக்கு வேறு வகைத் தொல்லை: அங்கே பிள்ளைகளும் ஆசிரியர்களும் குறைவு, குழுக்களும் பொறுப்புகளும் அறிக்கைகளும் மட்டும் குறைவதில்லை. இரண்டுக்கும் ஒரே சுற்றறிக்கைதான் போகிறது. சமத்துவத்தில் உங்களை யாரும் குறை காண முடியாது.

இந்த நெருக்கடியில் வகுப்பு நடவடிக்கை என்ன ஆகும் என்று ஊகிக்க அறிவியல் தேவையில்லை. நான்கு பேராகக் கூடி பெரிய மாஜோங் தாளில் குமிழி வரைபடம் வரைவது பிள்ளைகள் பேசிப் பழக நல்ல வழி. அந்தத் தாளை ஒட்டியதும் படம் பிடிக்க வேண்டும், படத்தை ஒரு பக்க அறிக்கையில் சேர்க்க வேண்டும், அறிக்கையை ஆசிரியர்களின் கைப்பேசிக் குழுவில் பகிர வேண்டும் என்று ஆனதும் வேலையின் முகம் திரும்பிவிடுகிறது. நன்றாக விவாதித்துக் கோணல்மாணலாக எழுதிய குழுவின் தாள் படத்துக்கு ஏற்றதல்ல. ஒரே கெட்டிக்காரப் பிள்ளை வண்ணம் தீட்டி முடித்த தாள் ஏற்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியை நீங்கள் பொய்யாக்கிவிட்டீர்கள். இப்போது அதைப் படம் பிடித்துப் பந்தியிலும் பரிமாற முடிகிறது.

அடைவுநிலைகளின் நுட்பத்தையும் வியக்காமல் இருக்க முடியவில்லை. 2011-இல் பள்ளிசார் மதிப்பீடு முதலாம் ஆண்டுக்கு வந்தபோது, முதல் மூன்று படிகள் அறிதல், புரிதல், செய்தல். நான்காவது படி, பண்புடன் செய்தல். ஐந்தாவது, போற்றத்தக்க பண்புடன். ஆறாவது, முன்மாதிரியான பண்புடன். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டினால் பன்னிரண்டில் ஏழு. அதைப் பண்புடன் கூட்டுவதற்கும் போற்றத்தக்க பண்புடன் கூட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடித்த அதிகாரிக்குக் கணித மேதைகள் வரிசையில் ஓர் இடம் ஒதுக்கலாம். பின்னர் விளக்கங்கள் மாறின. ஆனாலும் ஆறாம் நிலை இன்றும் ஆக்கத்திறனையும் முன்மாதிரியையும் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறது. அந்தப் பழைய முறையின் முடிவை நினைவுபடுத்துவது என் கடமை: இணையத்தில் பதிவேற்ற முடியாமல் ஆசிரியர்கள் நள்ளிரவில் விழித்துக் கிடந்தார்கள், எதிர்ப்புக் கிளம்பியது, 2014-இல் அந்த இணைய முறையையும் சான்றுக் கோப்புகளையும் நீங்களே கைவிட்டீர்கள். கைவிட்டதன் காரணம் மட்டும் அமைச்சின் நினைவில் தங்கவில்லை. முன்பு அலமாரியில் இருந்த சான்று இப்போது கைப்பேசியில் இருக்கிறது.

பதிவேடு நன்றாக இருந்தால் படிப்பும் நன்றாக இருக்கும் என்ற உங்கள் நம்பிக்கைக்கு எதிரான சாட்சி உங்களிடமே உண்டு. 2010-இல் தொடங்கிய லினுஸ் திட்டம், மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுத்தும் எண்ணும் தெரிய வேண்டும் என்றது. தேர்ச்சி நூறு விழுக்காட்டை நெருங்கிவிட்டதாக ஆண்டுதோறும் அறிக்கை வந்தது. 2019-இல் ஆறு தென்கிழக்காசிய நாடுகளில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. அந்த ஆய்வை வைத்து 2024 ஏப்ரலில் உலக வங்கி சொன்னது: ஐந்தாம் ஆண்டு முடிவில் மலேசியப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர் வாசிப்பில் எதிர்பார்த்த தரத்தை எட்டவில்லை. லினுஸ் அளந்தது வேறு, ஆய்வு அளந்தது வேறு என்பீர்கள். உண்மைதான், எழுத்துக் கூட்டுவது வேறு, படித்ததைப் புரிந்துகொள்வது வேறு. ஆனால் அந்த ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் லினுஸ் சல்லடையில் சலிக்கப்பட்டு வந்தவர்கள். எளிதில் பதிவு செய்யக்கூடியதைப் பதிவு செய்துவிட்டு, கடினமானதும் அதனுடனே வந்திருக்கும் என்று நாம் இருந்துவிட்டோம்.

அப்படியானால் யுபிஎஸ்ஆரையே திரும்பக் கொண்டுவரலாமே என்று பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பல பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களுடைய கவலை நியாயமானது: அடைவுநிலை நான்கு என்று தாளில் எழுதி வந்தால் பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது விளங்குவதில்லை, டியூஷன் மையமோ மதிப்பெண்ணைச் சொல்கிறது. ஆனால் மேலே சொன்ன ஆய்வு நடந்த 2019-இல் யுபிஎஸ்ஆர் முழு மூச்சில் நடந்துகொண்டிருந்தது. அது இருந்தும்தான் 42 விழுக்காடு. இன்னொரு மறுப்பு அமைச்சிலிருந்து வரும்: சான்று கேட்காவிட்டால் சில ஆசிரியர்கள் வேலை செய்யமாட்டார்கள். செய்யாதவர் இருக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். சென்ற ஆண்டுப் படத்தை இந்த ஆண்டு அறிக்கையில் ஒட்டத் தெரிந்தவரும் அவரே. படிவம் பிடிப்பது அவரை அல்ல. நேர்மையாக ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பிவிட்டு, வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு நேரம் இல்லாமல் நிற்பவரை. மூன்றாவது மறுப்பு நம்மவர்களிடமிருந்து: தமிழ்ப்பள்ளிகளை மூடு என்று கத்த ஆள் இருக்கும்போது குறைகளை வெளியே பேசலாமா? இது தமிழ்ப்பள்ளியின் குறை அல்ல. தேசியப் பள்ளியும் சீனப்பள்ளியும் நிரப்புவது இதே படிவத்தைத்தான். வாசிக்கத் தெரியாத பிள்ளையை மறைத்து வைத்துப் பள்ளியைக் காப்பாற்றவும் முடியாது.

வேறு வழி இல்லாமலும் இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் அட்டை முறையை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளை தானே அட்டையை எடுக்கும், முடித்ததும் ஏணியில் அடுத்த படிக்குப் போகும். எந்த அட்டையில் நிற்கிறதோ அதுவே அதன் பதிவு. பிறகு மாநிலம் முழுவதும் அவசரமாகப் பரப்பியதில் அதற்கும் குறைகள் வந்தன. ஆனாலும் மதிப்பீடு கற்றலுக்குள்ளிருந்தே பிறக்க முடியும் என்பதை அது காட்டியது. ஆசிரியரின் தொழில்முறைத் தீர்ப்பே போதும் என்று உங்கள் வழிகாட்டியே சொல்கிறது. அதை நம்புங்கள். படங்களைச் சான்றாக ஏற்பதை நிறுத்துங்கள். பெற்றோருக்கு எண்ணை அனுப்புவதற்குப் பதிலாக, பிள்ளை எதை வாசிக்கும், எங்கே தடுமாறும் என்று இரண்டு வரி அனுப்பச் சொல்லுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரி கோப்பைத் திறப்பதற்கு முன் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு பத்தி வாசிக்கச் சொல்லட்டும். கடைசியாக ஒரு வேண்டுகோள்: இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவதானால், அதற்கான விவரங்களை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பும்படி பள்ளிகளுக்கு ஒரு படிவம் அனுப்பிவிடாதீர்கள்.