மீதி ஏழரை

சென்னையில் இருக்கும் என் மச்சானுக்கு எதையும் மணிக்கணக்கில் சொன்னால்தான் திருப்தி. "தூத்துக்குடியில ஏறினா ஒன்றரை மணி நேரம்லா மாப்ள! இதுக்குப் போயி ராத்திரி பூரா ரயில்ல கெடந்து வாரீய" என்பார். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே ஆகாயத்தில் நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 525 கிலோமீட்டர். கணக்கில் பிழையே இல்லை. என்ன, அந்தக் கோட்டின் இந்த முனையில் சுரண்டை இல்லை, அந்த முனையில் அவர் வீடும் இல்லை.

எங்கள் ஊருக்கு விமான நிலையம் இல்லாதது ஒரு குறையே அல்ல. ரயில் நிலையமே கிடையாது. ரயிலுக்குப் பாவூர்சத்திரமோ தென்காசியோ போக வேண்டும். விமானத்துக்கோ திருவனந்தபுரம், மதுரை, தூத்துக்குடி என்று மூன்று ஊர். வீட்டில் யாராவது டிக்கெட் என்று வாயெடுத்தால் கட்சி பிரிந்துவிடும்.

மாமா செங்கோட்டைக்காரர். அந்த ஊர் 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது என்பதால், திருவனந்தபுரத்தை இன்னும் சொந்தத் தலைநகரமாகவே நினைக்கிறார். உண்மைக் காரணம் வேறு: போகிற வழியில் பிரானூர் பார்டர் புரோட்டா. ஆரியங்காவு, தென்மலை வளைவுகளில் அதை வயிற்றுக்குள்ளேயே வைத்திருப்பது நம் சாமர்த்தியம். சித்தப்பா மதுரைக் கட்சி. ராஜபாளையம் வழியாக 150 கிலோமீட்டர் வடக்கே போனால் சென்னைக்குக் கால்வாசி தூரம் வந்தாயிற்றே, பிறகு எதற்கு வண்டியை விட்டு இறங்குவது என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்.

மிச்சம் தூத்துக்குடி, அதாவது வாகைக்குளம். ஆலங்குளம், திருநெல்வேலி தாண்டி சுமார் 90 கிலோமீட்டர். 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள். 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3,115 மீட்டர் ஆகிவிட்டது. ஓடுதளம் நீண்டதே தவிர, சுரண்டையிலிருந்து தூரம் குறையவில்லை.

பிற்பகல் 2 மணிக்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். "பிளேன் நமக்காக நிக்காதுடே" என்று ஆச்சி விடியுமுன்பே எழுப்பிவிடுவாள். எப்படி இழுத்துப் பிடித்தாலும் 9 மணிக்குக் கார் ஏறியாக வேண்டும். வாகைக்குளத்தில் பெல்ட்டைக் கழற்றி, ஆச்சி கைப்பையில் திணித்த நல்லெண்ணெய் பாட்டிலுக்கு விளக்கம் சொல்லி, அதைப் பறிகொடுத்து, காத்திருந்து, பறந்து, மீனம்பாக்கத்தில் இறங்கும்போது மூன்றரை. பெட்டி வந்து, டாக்சி வந்து, ஆவடியில் மச்சான் வீட்டுப் படி ஏறும்போது மாலை 6. ஆக மொத்தம் ஒன்பது மணி நேரம். பறந்தது ஒன்றரை. மீதி ஏழரை! சனீஸ்வரன் தன் பங்கைச் சரியாக எடுத்துக்கொண்டார்.

பொதிகை எக்ஸ்பிரஸ் இதைவிட நேரம் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் சாயங்காலம் தென்காசியில் ஏறி, கட்டுச்சோற்றைப் பிரித்து, சங்கரன்கோவில் தாண்டியதும் படுத்தால் விடியற்காலையில் தாம்பரம். தூங்கிய நேரத்தை எந்த ஊரிலும் பயணக்கணக்கில் சேர்க்கமாட்டார்கள். நல்லெண்ணெயும் பத்திரமாக வந்து சேரும்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் மாமா கட்சியில் சேரலாம், தப்பில்லை. சென்னைக்குப் பொதிகைதான். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. தீபாவளிக்கு ஊர் வருகிறவர்கள் திறந்த அன்றைக்கே இடம் பிடித்துவிடுங்கள்.